செத்துப்போச்சா, உயிரோட இருக்கா? – ரோட்டிஃபரின் கதை

உயிருள்ளவை எவை என்று கேட்டால் நம் பிள்ளைகள் உடனே ஒப்பிப்பார்கள்: மூச்சு விடும், சாப்பிடும், வளரும், இனப்பெருக்கம் செய்யும். சரிதான். ஆனால், இவற்றில் எதையுமே செய்யாமல் கிடந்த ஒரு குட்டி விலங்கை வைத்துக்கொண்டு அறிஞர்கள் 150 ஆண்டுகளுக்கு மேல் வாதாடினார்கள்!

அதன் பெயர் ரோட்டிஃபர். பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் சிறியது, நன்னீரில் வாழ்வது. தலையிலுள்ள நுண்மயிர்கள் வரிசையாக அசையும்போது சக்கரம் சுழல்வதுபோலத் தெரியும். 'சக்கரம் தாங்கி' என்பதே பெயரின் பொருள்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் துணி வியாபாரம் செய்தவர் லீவன்ஹூக். தாமே செய்த நுண்ணோக்கியால் எதையும் உற்றுப் பார்ப்பவர். தம் வீட்டுக் கூரையோரக் கால்வாயில் காய்ந்து கிடந்த தூசியை எடுத்து, மழைநீர் ஊற்றிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் ரோட்டிஃபர்கள் நீந்த ஆரம்பித்துவிட்டன! 1702-இல் இதைக் கடிதமாக எழுதினார். அவற்றின் தோல் கெட்டியானது, உள்ளே ஈரம் தங்கியிருக்கும் என்பது அவர் எண்ணம்.

இத்தாலியப் பாதிரியார் ஸ்பல்லன்சானி 1776-இல் வேறு மாதிரி சொன்னார்: அவை உண்மையிலேயே செத்து, மறுபடி பிழைக்கின்றன. பிரான்சில் டுவாயேர் இந்தப் பிழைப்பை ஆதரித்தார். பூஷே 'அதெல்லாம் நடக்காது' என்று மறுத்தார்.

சண்டையைத் தீர்க்க, மூளை ஆய்வால் புகழ்பெற்ற புரோக்கா தலைமையில் பாரிஸில் ஒரு குழு அமைந்தது. வெற்றிடத்தில் 82 நாள் உலர்த்தினார்கள். பிறகு 100 பாகை செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்கினார்கள். அதற்குப் பிறகும் தண்ணீர் பட்டதும் சில எழுந்தன! 1860-இல் அறிக்கை வந்தது. ஈரம் ஒளிந்திருக்கிறது என்ற பேச்சு இனி எடுபடவில்லை.

அப்படியானால் அந்த நிலைக்கு என்ன பெயர்? 1959-இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் கெய்லின் 'கிரிப்டோபயோசிஸ்' என்றார். மறைந்திருக்கும் வாழ்வு என்று பொருள். உயிர் போகவில்லை, அதன் இயக்கம் மட்டும் நின்றிருக்கிறது.

உலர்வு மட்டுமல்ல, உறைவும் அப்படித்தான். சைபீரியாவில் சுமார் 24,000 ஆண்டுகள் உறைந்திருந்த மண்ணிலிருந்து ஒரு ரோட்டிஃபர் எழுந்ததாக 2021-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். எழுந்தது மட்டுமா? இனப்பெருக்கமும் செய்தது. இந்த வகையில் ஆணே கிடையாது. பெண் மட்டுமே தன்னைப் போன்ற குஞ்சை ஈனும்.

அடுத்த முறை அந்தப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதும்போது, காய்ந்த தூசியின் கதையையும் சொல்லிப் பாருங்கள். "அப்போ அது செத்துப்போச்சா, டீச்சர்?" என்று ஒரு மாணவராவது கேட்பார். அறிவியல் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.