புகையில்லா அடுப்பின் வரலாறு

புகையில்லா அடுப்பு என்பது விறகுப் புகையைக் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே வெளியேற்றும் அடுப்பு ஆகும். இதில் புகை உண்டாகாமல் இருப்பதில்லை. சமைப்பவரின் முகத்துக்கு வராமல் திருப்பிவிடப்படுகிறது. அவ்வேலையைச் செய்வது புகைபோக்கி. இந்தியாவில் இவ்வடுப்பு ஊர்தோறும் பரவியதும், பின்னர் பல வீடுகளில் கைவிடப்பட்டதும் இந்தப் புகைபோக்கியாலேயே.

பழைய அடுப்புகள்

மூன்று கல் கூட்டிய அடுப்பும் களிமண் அடுப்பும் நெடுங்காலமாக வழக்கில் உள்ளவை. தமிழ்நாட்டின் கொடியடுப்பில் பெரிய அடுப்பின் அனல் உள்வழியே பக்கத்து அடுப்புக்கும் செல்லும். ஒரே விறகில் சோறும் குழம்பும் ஆகும். ஆனால் இவை எவற்றிலும் புகைக்குத் தனி வழி இல்லை. அது சமையலறையிலேயே சுற்றியது. கண்ணெரிச்சல், இருமல், மூச்சுக்குழாய் நோய்கள் ஆகியவை பெண்களையும் அவர்கள் அருகில் இருந்த குழந்தைகளையுமே மிகுதியாகத் தாக்கின.

வார்தாவும் ஐதராபாத்தும்

காந்தியடிகளின் முயற்சியால் 1934இல் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் தொடங்கப்பட்டது. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா அதை வழிநடத்தினார். சங்கம் இயங்கிய வார்தாவின் மகன்வாடியில், 1940களில் புகைபோக்கியுடன் கூடிய மண் அடுப்பு ஒன்று உருவானது. இடத்தின் பெயரால் அது ‘மகன் சூலா’ எனப்பட்டது.

அடுத்து, ஐதராபாத்துப் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் எஸ். பி. ராஜு ஓர் அடுப்பை வடிவமைத்தார். அனல் வரிசையாகப் பல பாத்திரங்களைத் தொட்டுச் சென்று புகைபோக்கியை அடையும். 1953இல் அவர் இதுபற்றி எழுதிய ஆங்கில நூல் சென்னையில் வெளியானது.

தேசியத் திட்டம்

காடுகள் குறைவதும் விறகுத் தட்டுப்பாடும் கவலையளித்த நிலையில், நடுவண் அரசு 1983இல் மேம்படுத்திய அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. மானியத்துடன் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டன. 2002இல் திட்டம் முடிவுக்கு வந்தது.

நிலைக்காததன் காரணங்கள்

எண்ணிக்கை பெருகிய அளவுக்குப் பயன்பாடு நிலைக்கவில்லை.

முதலாவது, புகைக்கரி. குழாயில் கரி படிந்தால் வழி குறுகும். புகை அடுப்பு வாய் வழியே திரும்பும். அடிக்கடி கரி தட்ட வேண்டும் என்பதைச் சொல்லித் தருவோர் பல ஊர்களில் இல்லை.

இரண்டாவது, பாத்திரம். அடுப்புக் கண்ணுக்குப் பாத்திரம் பொருந்தாவிட்டால் இடுக்கு வழியே புகை கசியும்.

மூன்றாவது, விறகு. சிறிய வாயில் பெரிய கட்டை நுழையாது, பிளக்க வேண்டும். அந்தக் கூடுதல் உழைப்பும் பெரும்பாலும் பெண்கள் தலையிலேயே விழுந்தது.

நான்காவது, கூரை. குழாய் செல்லும் துளையில் மழைநீர் ஒழுகும். ஓலைக் கூரையில் தீப்பிடிக்கும் அச்சமும் உண்டு.

ஒடிசாவில் பின்னர் நடந்த ஒரு பெரிய ஆய்வும் இதையே காட்டியது. முதல் ஆண்டில் சுவாசிக்கும் புகை குறைந்தது. பராமரிப்பும் முறையான பயன்பாடும் தளர்ந்ததும் அப்பயன் மறைந்தது.

இன்றைய நிலை

2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் எரிவாயு பல கிராம வீடுகளை எட்டியது. ஆயினும் உருளையின் விலை கருதி விறகையும் சேர்த்து எரிப்போர் உள்ளனர். அத்தகைய வீட்டில் அடுப்பு அமைக்கும்போது குழாய் கூரையின் உச்சிக்கு மேல் உயர வேண்டும். வளைவுகள் குறைவாக இருக்க வேண்டும். கரி எடுக்கத் திறப்பு வேண்டும். கட்டிக் கொடுப்பதோடு பணி முடிவதில்லை. குழாயைத் துப்புரவு செய்வது யார் என்பதும் அப்போதே முடிவாக வேண்டும்.