தோடர் மந்தின் இட ஒழுங்கும் அதன் மாற்றமும்

நீலகிரி மேட்டு நிலத்தில் வாழும் தோடர்களின் குடியிருப்பு மந்து எனப்படுகிறது. சோலைக்காட்டின் ஓரமாக, புல்வெளிச் சரிவில், சில வீடுகளும் எருமைத் தொழுவமும் கன்றுக் கொட்டிலும் பாற்கோயிலும் மட்டுமே அமைந்த இச்சிற்றூரில் தெரு என்று ஒன்றைத் தேடினால் கிடைக்காது. ஆயினும் 1901-02இல் அங்கு ஆய்வு செய்து 1906இல் விரிவான நூலை வெளியிட்ட டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸின் பதிவுகளைப் படிப்போர், மிகக் கண்டிப்பான ஓர் ஒழுங்கு அதனுள் இயங்கியதை உணர்வர்.

அவ்வொழுங்கின் அளவுகோல் பால். புனித எருமைகளின் பாலைக் கடைந்து நெய்யாக்கும் இடமாகிய பாற்கோயில் வீடுகளிலிருந்து விலகி நின்றது. பெண்கள் அதை நெருங்கலாகாது என்பதால், மோர் பெற வரும் அவர்கள் நடக்க வேண்டிய தடமும் வரையறுக்கப்பட்டிருந்தது. ஓடையின் மேற்பகுதி நீர் கோயிலுக்கும், கீழ்ப்பகுதி நீர் வீட்டுப் புழக்கத்துக்கும் உரியனவாயின. மூங்கிலையும் பிரம்பையும் வளைத்து அரைப் பீப்பாய் வடிவில் கட்டிப் புல் வேய்ந்த, குனிந்து தவழ்ந்தே நுழையக்கூடிய வீட்டின் உட்புறமும் இவ்விதிக்கு விலக்கன்று. கடையும் பகுதிக்குப் பெண்கள் செல்வதில்லை. மரபின் அழகைப் போற்றுவோர் பெண்களுக்கான இத்தடையைச் சொல்லாமல் கடப்பது நேர்மையாகாது.

மாற்றம் முதலில் தொட்டது மேய்ச்சல் நிலத்தை. 1820களில் ஐரோப்பியர் உதகையில் குடியேறத் தொடங்கியபின் தோட்டங்களும் காட்டுச் சட்டங்களும், அவற்றைத் தொடர்ந்து கற்பூர மரமும் சீகை மரமும், பைக்காரா முதலிய நீர்மின் திட்டங்களின் நீர்த்தேக்கங்களும் புல்வெளியைச் சுருக்கின. எருமைகள் குறையவே உருளைக்கிழங்கும் கேரட்டும் பிழைப்பாயின. ஒரு குலம் பல மந்துகளை உடைமையாகக் கொண்டு, வறட்சிக் காலத்தில் எருமைகளோடு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெயரும் வழக்கமும் இதனால் தேய்ந்தது.

அதன்பின் வந்த சுவர் வீடுகள் உயர்ந்த வாசலும் சன்னலும் கான்கிரீட் கூரையும் கொண்டு, பாதையை நோக்கி வரிசையாக நிற்கின்றன. புகையும் இருளும் நீங்கியது பெரும் நன்மையே. ஆனால் வீட்டு வாசல்வரை குழாய் நீர் வந்தபோது, மேல்நீர் கீழ்நீர் என்னும் பகுப்பு வீட்டளவில் பொருளிழந்தது. எருமையற்ற வீட்டில் கடையும் பகுதிக்கும் வேலையில்லை. முத்தநாடு மந்தின் கூம்புக் கோயில் போன்றவை பழைய வடிவிலேயே பேணப்படுகின்றன. எனினும், முன்பு மந்து முழுவதையும் அளந்த ஒழுங்கு இன்று கோயிலின் எல்லைக்குள் ஒதுங்கிவிட, அதற்கு வெளியே சாலையும் மனை எல்லையும் வீடுகளின் இடத்தைத் தீர்மானிக்கின்றன. சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டப்படும் புல்வீடு ஒரு வடிவத்தைக் காக்கலாம். அதைச் சூழ்ந்திருந்த இட உறவைக் காக்காது.

கோயிலின் நிலைபேறும் நிலத்தையே சார்ந்திருக்கிறது. அதன் கூரைக்கு உரிய புல் மேட்டு நிலச் சதுப்புகளில் விளைவது. அச்சதுப்புகளோ வடிக்கப்பட்டுக் காய்கறி வயல்களாகி வருகின்றன.