திரவ நைட்ரஜன் ஓவர்கிளாக்கிங்

கணினியின் மையச் செயலியை அதைச் செய்த நிறுவனம் குறித்திருக்கும் வேகத்துக்கு வெகுவாக மேலே ஓட்டுவதற்காக, மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நைட்ரஜனை ஊற்றிக் குளிர்விக்கும் முறை. அன்றாடப் பயன்பாட்டுக்கானது அல்ல. சில விநாடிகளிலிருந்து சில மணி நேரம் வரை மட்டுமே நீடிக்கும் இந்த ஓட்டங்கள் உலகச் சாதனைகளுக்காகவும் போட்டிகளுக்காகவும் நடத்தப்படுகின்றன. ஒரு சில்லின் உண்மையான எல்லை எங்கே இருக்கிறது என்று பார்க்கும் ஆவலும் பலரை இதற்கு இழுக்கிறது. பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கிவிடுவது தவறு. கடுங்குளிரில் கணினியை ஓட்டும் எண்ணம் சூப்பர் கணினித் தொழிற்சாலையில் செயலுக்கு வந்து, அங்கே கைவிடப்பட்டு, ஆர்வலர்களின் மேசைகளில்தான் உயிரோடு இருந்தது.

குளிர் என்ன செய்கிறது

வெப்பநிலை இறங்க இறங்கச் சிலிக்கான் படிகத்தில் அணுக்களின் அதிர்வு அடங்குகிறது. எலெக்ட்ரான்கள் தடங்கல் குறைந்து ஓடுகின்றன. செம்பின் மின்தடை 77 கெல்வினில், அதாவது நைட்ரஜனின் கொதிநிலையில், அறை வெப்பநிலையில் இருப்பதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிறது. சில்லுக்குள் ஓடும் மிக மெல்லிய கம்பிகளில் ஆதாயம் இவ்வளவு இருக்காது, ஆனாலும் உண்டு.

இவற்றைவிட முக்கியமானது மின்கசிவு. அணைந்த நிலையில் இருக்கும் டிரான்சிஸ்டர் வழியாகவும் சிறிது மின்சாரம் கசியும். சூடு ஏற ஏற அந்தக் கசிவும் வேகமாக ஏறும். செயலியை வேகமாக ஓட்ட வேண்டுமானால் மின்னழுத்தத்தைக் கூட்ட வேண்டும். அது செலவழிக்கும் மின்திறனோ மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்து உயர்கிறது. சூடு கசிவைக் கூட்ட, கசிவு மேலும் சூட்டைக் கூட்ட, சாதாரண விசிறியின் கீழ் அந்தச் சில்லு சில நொடிகளில் நிலைகுலைந்துவிடும். நைட்ரஜன் இந்தச் சுழலை அறுத்துவிடுகிறது. அறை வெப்பநிலையில் கொடுத்தால் சில்லையே அழித்துவிடக்கூடிய மின்னழுத்தத்தைக் கடுங்குளிரில் கொஞ்ச நேரம் தாங்க வைக்க முடிவது இதனால்தான்.

சூப்பர் கணினியிலிருந்து தொடக்கம்

நைட்ரஜனை ஆய்வகத்தில் நிலையான திரவமாக முதலில் பெற்றவர்கள் போலந்தின் கிராகோவ் நகரில் பணியாற்றிய ரோப்லெவ்ஸ்கி, ஓல்ஷெவ்ஸ்கி ஆகிய இருவர், ஆண்டு 1883. 1895ல் ஜெர்மனியின் கார்ல் வான் லிண்டே காற்றைப் பெருமளவில் திரவமாக்கும் இயந்திரத்தை உருவாக்கிய பிறகு அது தொழிற்சாலைப் பொருளாயிற்று. இன்று திரவ நைட்ரஜன் மலிவாகக் கிடைப்பதற்கு அந்தத் தொழிலே காரணம். எஃகு ஆலைக்கும் வெல்டிங்குக்கும் ஆக்சிஜனைப் பிரிக்கும்போது நைட்ரஜனும் கூடவே வந்துவிடுகிறது.

1977ல் ஐபிஎம் நிறுவனத்தின் கேன்ஸ்லனும் அவருடைய சகாக்களும், மிகச் சிறிய டிரான்சிஸ்டர்களை நைட்ரஜன் வெப்பநிலையில் இயக்குவதன் பயன்களை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார்கள். அந்த எண்ணத்தை விற்பனைக்கு வந்த கணினியாக மாற்றியது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இயங்கிய இடிஏ சிஸ்டம்ஸ். கன்ட்ரோல் டேட்டா நிறுவனத்திலிருந்து 1983ல் பிரிந்து உருவான இந்த நிறுவனத்தின் இடிஏ-10 கணினியில், செயலிப் பலகை முழுவதும் திரவ நைட்ரஜனுக்குள் மூழ்கியிருந்தது. அக்காலத்துச் சூப்பர் கணினிகள் மின்சாரத்தை விழுங்கும் வேறு வகைச் சில்லுகளை நம்பியிருக்க, இடிஏ பொறியாளர்கள் மெதுவானது என்று கருதப்பட்ட சிமாஸ் சில்லைத் தேர்ந்து, குளிரால் அதன் வேகத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கினார்கள். காற்றால் குளிர்விக்கப்பட்ட மலிவு மாதிரியின் கடிகாரச் சுற்று 24 நானோ விநாடி. நைட்ரஜனில் மூழ்கிய உயர்ந்த மாதிரிக்கு 7 நானோ விநாடி, அதாவது சுமார் 143 மெகாஹெர்ட்ஸ். 1987 ஜனவரியில் முதல் இயந்திரம் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

வன்பொருள் நன்றாகவே இருந்தது. மென்பொருள் தாமதமும் பண நெருக்கடியும் சேர்ந்து 1989 ஏப்ரலில் நிறுவனத்தை மூடவைத்தன. சிமாஸே எதிர்காலம் என்ற அவர்களது கணிப்பைப் பின்னாளில் கணினி உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்டது. குளிரை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆர்வலர்களின் காலம்

1998ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ, ஓவர்கிளாக்கிங்கைப் பரவலாக்கிய சில்லு. 300 மெகாஹெர்ட்ஸுக்கு விற்ற அதைச் சாதாரண விசிறியோடே 450ல் ஓட்ட முடிந்தது. அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் கிரையோடெக் நிறுவனம், குளிர்பதனப் பெட்டியின் கம்ப்ரஸரைக் கணினிப் பெட்டிக்குள் வைத்துச் செயலியை மைனஸ் 40 டிகிரி அளவுக்குக் குளிர்வித்து விற்றது. ஏஎம்டியும் இன்டெலும் 2000 மார்ச்சில் தங்கள் 1 கிகாஹெர்ட்ஸ் சில்லுகளை அறிவிப்பதற்கு முன்பே, கிரையோடெக் ஓர் ஆத்லான் செயலியை அந்த வேகத்துக்குக் கொண்டுபோயிருந்தது. நீர், கம்ப்ரஸர், உலர் பனிக்கட்டி என்று படிப்படியாக இறங்கிய ஆர்வலர்களுக்கு அடுத்த படி நைட்ரஜன்.

2003 டிசம்பரில் டாம்ஸ் ஹார்டுவேர் இதழின் குழு ஒரு பென்டியம் 4 செயலியை நைட்ரஜனால் குளிர்வித்து 5.25 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றியது. கடையில் கிடைத்த பென்டியம் 4களின் உச்ச வேகம் அப்போது 3.2 கிகாஹெர்ட்ஸ். இதற்கு முன்பும் சிலர் நைட்ரஜனை முயன்றிருந்தாலும், ஓவர்கிளாக்கிங்கில் அக்கறையே இல்லாத பொது வாசகரிடமும் பேச்சாகப் பரவியது இந்த 5 என்ற எண்தான்.

பென்டியம் 4இன் வடிவமைப்பு வேகத்துக்காகவே செய்யப்பட்டது. ஒரு கட்டளையை 20 சிறு படிகளாகவும், 2004ல் வந்த பிரெஸ்காட் வகையில் 31 படிகளாகவும் பிரித்து, ஒவ்வொரு படியையும் குறுகிய நேரத்தில் முடித்தது. சூட்டைச் சமாளிக்க முடியாமல் இன்டெல் தன் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் திட்டத்தை 2004 அக்டோபரில் கைவிட்டது. அந்தக் குடும்பத்தின் சில்லுகளே நைட்ரஜனின் கீழ் 7 கிகாஹெர்ட்ஸைத் தாண்டின. 2007ல் இத்தாலியக் குழு ஒன்று 3 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 631 சில்லை 8 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோனது. தடையாக நின்றது சூடு ஒன்றே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஒவ்வொரு தலைமுறைச் சில்லும் குளிரை வெவ்வேறு விதமாக ஏற்றது. குறிப்பிட்ட ஒரு வெப்பநிலைக்குக் கீழே போனால் பல சில்லுகள் அப்படியே நின்றுவிடும். இத்துறையினர் அதைக் ‘கோல்ட் பக்’ என்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது அவ்வளவு குளிரைத் தாங்கும் சில்லு, அணைத்துவிட்டு அதே குளிரில் மறுபடி போட்டால் எழுந்திருக்காது என்பது இன்னொரு தொல்லை. ஏஎம்டியின் ஆத்லான் 64 கோல்ட் பக்குக்குப் பேர்போனது. 2009ல் வந்த ஃபீனம் 2 அந்தத் தடையின்றி, நைட்ரஜனையும் தாண்டி, 4.2 கெல்வினில் கொதிக்கும் திரவ ஹீலியத்தின் கீழும் ஓடியது. 2011இன் சாண்டி பிரிட்ஜில் அடிப்படைக் கடிகாரத்தைப் பெரிதாக அசைக்க முடியவில்லை. நைட்ரஜன் ஊற்றியும் பெரிய ஆதாயம் கிடைக்கவில்லை. மறு ஆண்டு வந்த ஐவி பிரிட்ஜ் குளிரை விரும்பி ஏற்று 7 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியது.

குவளையும் கையும்

செயலியின் மேல் இறுக்கிப் பொருத்தப்படும் கனமான செப்புக் குவளைக்குப் ‘பாட்’ என்று பெயர். அதன் அடித்தளத்தில் துளைகளும் வரிகளும் கடைந்திருப்பார்கள். நைட்ரஜன் தொடும் பரப்பு கூட வேண்டும் என்பதற்காக. முதலில் ஊற்றும்போது, காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த நீர்த்துளி உருண்டோடுவதைப் போல, நைட்ரஜன் தன் ஆவிப் படலத்தின் மேலேயே மிதக்கும். செம்பைச் சரியாகத் தொடாது. செம்பு போதுமான அளவு குளிர்ந்ததும் படலம் உடைந்து, திரவம் உலோகத்தைப் பற்றிக்கொள்ள, வெப்பநிலை திடீரென்று சரியும். அந்தச் சரிவில் கோல்ட் பக் எல்லையைத் தாண்டாமல் நிறுத்துவதுதான் கைத்திறன். தெர்மோகப்பிள் காட்டும் எண்ணைப் பார்த்தபடி ஒரு கையால் தெர்மாஸிலிருந்து சிறிது சிறிதாக ஊற்றி, மறு கையால் விசைப்பலகையில் வேகத்தை ஏற்ற வேண்டும். அதிகம் குளிர்ந்துவிட்டால் கேஸ் டார்ச்சால் குவளையைச் சூடாக்குவார்கள்.

கணக்கு எளிது. ஒரு லிட்டர் நைட்ரஜன் ஆவியாக ஏறக்குறைய 160 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 300 வாட் சூட்டை வெளியிடும் செயலி அந்த லிட்டரை 9 நிமிடத்தில் தீர்த்துவிடும். குவளையும் காற்றும் தின்பது தனி. ஹீலியத்துக்கு இதே அளவு 2.6 கிலோஜூல்தான். விலையும் பன்மடங்கு என்பதால் ஹீலியம் பெரும் நிறுவனங்களின் துணையுள்ள சாதனை முயற்சிகளோடு நின்றுவிடுகிறது.

குளிரைவிட ஈரம் கெடுதலானது. காற்றில் உள்ள நீராவி மதர்போர்டின் மேல் பனியாகப் படிந்து, உருகும்போது மின்தடங்களை இணைத்துவிடும். அதனால் செயலியைச் சுற்றி வாசலின் பூசி, ரப்பர் நுரையால் மூடி, இடைவெளிகளில் டிஷ்யூ காகிதத்தைத் திணிப்பார்கள். சாதாரண தெர்மல் பேஸ்ட் கடுங்குளிரில் வெடித்துத் தொடர்பு விட்டுப்போகும் என்பதால் இதற்கென்றே செய்யப்பட்ட பேஸ்ட்டுகள் உண்டு.

ஆபத்தும் நிறமற்றது, மணமற்றது. ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாக விரிந்து அறையின் ஆக்சிஜனை விரட்டும். மூச்சுத் திணறும் உணர்வு வருவதற்கு முன்பே மயக்கம் வந்துவிடலாம். திறந்த சன்னல் இல்லாத அறையில் இதைச் செய்யக் கூடாது. திரவத்தை இறுக மூடிய பாத்திரத்தில் அடைத்தால் அது வெடிக்கும். நனையும் துணிக் கையுறை வெறுங்கையைவிட மோசம், ஏனெனில் அது திரவத்தைத் தோலோடு பிடித்து வைத்துக்கொள்ளும்.

சாதனைகள்

அளவிடுவதில் இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று, சிபியு-இசட் மென்பொருளில் ஒரு கணம் பதிவாகும் உச்ச அதிர்வெண். மற்றது, ஒரு முழுக் கணக்கை முடிக்க ஆகும் நேரம். இரண்டாவதற்கு நெடுங்காலம் அளவுகோலாக இருந்தது சூப்பர் பை. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கனடா யாசுமாசா பை எண்ணின் இலக்கங்களைக் கணிக்க 1995ல் பயன்படுத்திய நிரலிலிருந்து வந்தது. 2006ல் இன்டெலின் கோர் 2, பென்டியம் 4ஐவிடக் குறைந்த அதிர்வெண்ணில் ஓடியே சூப்பர் பையில் அதை எளிதாக வென்றது. செயலியின் தரத்தைக் காட்டுவது இந்த மரபுதான். 3.3 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்களைப் பிழையின்றி முடிக்கும் வரை குளிரையும் மின்னழுத்தத்தையும் நிலையாகப் பிடித்து வைப்பது, ஒரு நொடி உச்சத்தைத் தொடுவதைவிடக் கடினம். ஆனால் செய்தித்தாளுக்குப் போவது எப்போதும் அதிர்வெண்.

தைவானின் மதர்போர்டு நிறுவனங்கள் 2008 முதல் நைட்ரஜன் போட்டிகளை நடத்தத் தொடங்கின. நைட்ரஜன் ஓட்டத்துக்கென்றே தனி சுவிட்ச் வைத்த பலகைகள் கடைக்கு வந்தன. தைப்பேயின் கம்ப்யூடெக்ஸ் கண்காட்சியில் வெண்புகை எழும் மேசைகள் வழக்கமாயின.

2011 ஆகஸ்ட் 31 அன்று டெக்ஸஸின் ஆஸ்டினில் ஏஎம்டி குழு எஃப்எக்ஸ்-8150 செயலியை ஹீலியத்தின் கீழ் 8.429 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோய் கின்னஸில் இடம்பெற்றது. எட்டுக் கோர்களில் இரண்டு மட்டுமே அப்போது இயங்கின. அதே குடும்பத்துச் சில்லு ஒன்று 2014ல் எட்டிய 8.722 கிகாஹெர்ட்ஸ், எட்டு ஆண்டுகள் அசையாமல் நின்றது. 2022 அக்டோபரில் ஸ்வீடனைச் சேர்ந்த எல்மோர் என்ற ஓவர்கிளாக்கர் கோர் ஐ9-13900கே செயலியில் நைட்ரஜனைக் கொண்டே 8.812 கிகாஹெர்ட்ஸைத் தொட்டார். இரண்டு மாதம் கழித்து ஹீலியத்தோடு 9.008, 2024 மார்ச்சில் கோர் ஐ9-14900கேஎஸ் செயலியில் 9.117. 2025ல் சீனாவைச் சேர்ந்த ஒருவர் அதை 9.130க்கு நகர்த்தினார். 5இலிருந்து 8க்கு வர நான்கு ஆண்டுகளுக்கும் குறைவான காலம் போதுமானதாக இருந்தது. 8இலிருந்து 9க்குப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. கோர்களின் பரப்பு சுருங்கியதால், விரல்நகம் அளவுகூட இல்லாத இடத்திலிருந்து நூற்றுக்கணக்கான வாட் வெளியேற வேண்டியிருக்கிறது. குவளை மைனஸ் 196ல் இருந்தாலும், வேலை செய்யும் கோரின் உள்ளே அந்தக் குளிர் முழுமையாகப் போய்ச் சேர்வதில்லை.

தொழிலுக்குத் திரும்புமா

77 கெல்வினிலிருந்து ஒரு வாட் வெப்பத்தை அறை வெப்பநிலைக்கு ஏற்றி வெளியேற்ற, வெப்ப இயக்கவியல் விதிகளின்படி குறைந்தது 2.9 வாட் மின்சாரம் வேண்டும். நடைமுறை இயந்திரங்களுக்கு அதைப் போலச் சில மடங்கு. தரவு மையங்கள் நைட்ரஜனை ஏற்காததற்கு இதுவே காரணம். இன்று நடக்கும் குளிர் சிமாஸ் ஆய்வுகள் கேன்ஸ்லன் குழுவின் 1977ஆம் ஆண்டு வழியைப் பின்பற்றுகின்றன. டிரான்சிஸ்டரைக் குளிருக்கென்றே வடிவமைத்து, மின்கசிவு இல்லாத வாய்ப்பைப் பயன்படுத்தி, இயங்கும் மின்னழுத்தத்தைப் பெரிதும் குறைப்பது அவற்றின் இலக்கு. ஓவர்கிளாக்கர்கள் மின்னழுத்தத்தைக் கூட்டுவதற்குப் பயன்படுத்தும் குளிரை, இந்த ஆய்வாளர்கள் அதைக் குறைப்பதற்குப் பயன்படுத்தப் பார்க்கிறார்கள். மிச்சமாகும் மின்சாரம் குளிர்பதனத்துக்கு ஆகும் செலவை மிஞ்ச வேண்டும் என்பதுதான் அவர்கள் தாண்ட வேண்டிய நிபந்தனை.