கொக்கிளாய் வீதியோரத்துச் சன்னங்கள்

முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய்க்குச் செல்லும் வீதியோரம், கொக்குத்தொடுவாயில், 2023 ஜூன் இறுதியில் நீர்க்குழாய் பதிக்க நிலத்தைத் தோண்டியவர்கள் மனித எலும்புகளைக் கண்டார்கள். செப்டெம்பரில் தொடங்கிய அகழ்வு 2024 ஜூலையில் நிறைவுற்றபோது 52 பேரின் எச்சங்கள் மீட்கப்பட்டிருந்தன. ஆடைகள், இலக்கத் தகடுகள், சயனைட் குப்பி ஆகியவற்றோடு துப்பாக்கிச் சன்னங்களும் கிடைத்தன. பேராசிரியர் ராஜ் சோமதேவவின் இடைக்கால அறிக்கை, உடல்கள் 1994க்கும் 1996க்கும் இடையில் புதைக்கப்பட்டவை என மதிப்பிட்டது.

அக்காலத்தில் அங்கே ஊரே இருக்கவில்லை. 1984 டிசம்பர் 1ஆம் திகதி கொக்கிளாயிலும் நாயாற்றிலும் சிங்கள மீனவக் குடியிருப்புகளைப் புலிகள் தாக்கினர். அதே மாதத்தில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்களை இராணுவம் வெளியேற்றியது. போர் முடிந்த பின்னரே அவர்கள் திரும்பினார்கள். கண்ட சாட்சி இல்லாத இடத்தில், சன்னத்தைப் பார்த்தே சுட்டவரைச் சொல்ல முடியாதா என்ற கேள்வி எழுவது இயல்பே.

ரவை, தோட்டா, சன்னம் என்று செய்திகளில் மாற்றி மாற்றி எழுதுவோம். நானும் பல்லாண்டு அப்படியே எழுதியவன். மருந்தும் கோதும் சேர்ந்த முழுமையே தோட்டா. குழலை விட்டுப் பறக்கும் முனை மட்டுமே சன்னம். சுட்டவரின் காலடியில் விழுவது வெற்றுக்கோது. இந்த வேறுபாட்டிற்குப் பின்னர் வருவோம்.

வன்னி மண்ணுக்குச் சன்னம் புதிதன்று. 1803இல் கச்சிலைமடுவில் பண்டாரவன்னியன் தோற்கடிக்கப்பட்ட காலத்தில், பிரித்தானிய மஸ்கட் சுட்டது வெறும் ஈய உருண்டையை. குழலின் விட்டம் முக்கால் அங்குலம். உருண்டையோ ஏறத்தாழ 0.69 அங்குலம். குழலுக்குள் தட்டுத் தடுமாறி வெளியேறும் அது, நூறு யாருக்கு அப்பால் எங்கே போகும் என்று சுட்டவருக்கே தெரியாது. 1849இல் பிரான்சில் மினியே ஆக்கிய கூம்புச் சன்னத்தின் அடிப்பகுதி குழிவானது. வெடித்த வாயு அதை விரித்துக் குழலின் திருகுவரிகளில் இறுக்கிற்று. சன்னம் சுழன்று நேராகப் பறந்தது.

பின்னர் ஈயத்துக்கு உலோக உறை வந்தது. உறையிட்ட சன்னம் உடலைத் துளைத்துப் போய்விடுகிறது, எதிரி விழுவதில்லை என்று எல்லைப்புறப் போர்களில் ஆங்கிலேயர் குறைப்பட்டனர். 1890களின் நடுவில், கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கல ஆலையில், பேர்ட்டி கிளே என்ற கப்டன் முனையில் உறையை நீக்கி ஈயத்தை வெளியே விட்டார். உடலுக்குள் நுழைந்ததும் அது விரிந்து கிழித்தது. (டம்டம் என்றால் இன்று பலருக்கு விமான நிலையமே நினைவுக்கு வரும்!) உடலில் எளிதில் விரியும் சன்னங்களை 1899இல் ஹேக் பிரகடனம் தடைசெய்தது. பிரித்தானியா அதில் இணைந்ததோ 1907இல்தான். உறையிட்ட சன்னம் இரக்கமுள்ளது என்று கருத வேண்டியதில்லை. 1905இல் ஜேர்மனி ஏற்ற கூர்முனைச் சன்னமும் அதன் வழிவந்தவையும் உடலுக்குள் நிலைதடுமாறிப் புரளக்கூடியவை. எந்தத் தடையும் அவற்றைத் தொடவில்லை.

எங்கள் போரில் அதிகம் வெடித்தது சோவியத் ஒன்றியம் 1943இல் வடிவமைத்த 7.62 மில்லிமீற்றர் குறுந்தோட்டா. சன்னத்தின் எடை ஏறக்குறைய 8 கிராம். செம்பு பூசிய உருக்கு உறை, மெல்லிய ஈயம், நடுவே உருக்குக் கரு. சீனத் தயாரிப்பான ரி-56 துப்பாக்கி இராணுவத்தின் கையிலும் இருந்தது, புலிகளின் கையிலும் இருந்தது. அந்த வகைக் குழல்கள் யாவும் வலப்புறம் திரும்பும் நான்கு வரிகளையே சன்னத்தில் பதிக்கின்றன. ஆகவே வடிவத்தைக் கொண்டு சுட்ட தரப்பைப் பிரித்தறிய இயலாது. நுண்ணிய கீறல்களை ஒப்பிட வேண்டுமானால் சுட்ட துப்பாக்கியே கையில் இருக்க வேண்டும். சன்னத்தின் உறையும் துருப்பிடிக்காதிருக்க வேண்டும். முப்பதாண்டு ஈரமண் அதற்கு இடங்கொடுப்பது அரிது.

கோதின் கதை வேறு. அதன் அடியில் ஆலையின் எண்ணும் ஆண்டும் பொறிக்கப்படுவது வழக்கம். 1995 என்று பொறித்த கோதை 1994இல் எவரும் சுட்டிருக்க முடியாது. தோட்டா எந்த ஆலையிலிருந்து வந்தது என்பதிலிருந்து கொள்வனவுப் பதிவேடு வரை தேடிச் செல்லலாம், பதிவேட்டைத் திறப்பவர் இருந்தால். ஆனால் கோது, சுட்ட இடத்திலேயே தங்கிவிடும். வேறிடத்தில் சுட்டுக் கொண்டுவந்து புதைத்தால் உடலோடு குழிக்குள் வருவது சன்னம் மட்டுமே.

கொக்குத்தொடுவாயில் கிடந்தவர்களுள் புலிகள் இயக்கத்தினர் இருந்தனர் என்பதைக் காட்டியவை சன்னங்களல்ல. அவர்கள் அணிந்திருந்த இலக்கத் தகடுகளே.