யப்பானின் எழுச்சிக்கு விலை கொடுத்தோர்

வறிய நாடொன்று கைத்தொழில் நாடாவது எங்ஙனம் என்னும் கேள்வி எழும்போதெல்லாம் யப்பானையே நாம் எடுத்துக்காட்டாகக் கூறுகின்றோம். மெய்ஜி மன்னர் காலத்தில் (1868–1912) அந்நாடு கண்ட மாற்றத்தைப் பலரும் அற்புதம் என்றே எழுதுவர். அற்புதம் என்று சொல்லிவிட்டாற் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை அன்றோ! நாம் அக்கணக்கைச் சற்றுப் பார்ப்போம்.

1858இல் மேலை வல்லரசுகளுடன் செய்த உடன்படிக்கைகளாலும் 1866ஆம் ஆண்டுத் தீர்வை ஒப்பந்தத்தாலும், இறக்குமதிப் பொருள்களுக்கு ஏறத்தாழ நூற்றுக்கு 5 வீதத்துக்கு மேல் தீர்வை விதிக்கும் உரிமையை யப்பான் இழந்திருந்தது. இளங் கைத்தொழில்களைத் தீர்வையால் வேலியிட்டுக் காத்தல் ஐக்கிய அமெரிக்கா கைக்கொண்ட வழி. யப்பானுக்கு அவ்வழி அடைபட்டிருந்தது. அந்நியக் கடனுக்கும் அதன் தலைவர்கள் அஞ்சினர். புகையிரதப் பாதைக்கென 1870இல் இலண்டனில் 10 இலட்சம் பவுண் கடன் பெற்றனர்; 1873இல் மீண்டும் ஒன்று. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வெளியாரிடம் கைநீட்டவில்லை.

அவ்வாறாயின் மூலதனம் எங்கிருந்து வந்தது? வயலிலிருந்து வந்தது. முன்பு விவசாயி விளைச்சலில் ஒரு பங்கை வரியாக அளந்தான். விளைவு குன்றினால் வரியிலும் குறைவு கேட்க இடமிருந்தது. 1873ஆம் ஆண்டு நிலவரிச் சட்டமோ நிலத்தின் மதிப்பில் 3 வீதத்தை ஆண்டுதோறும் காசாகக் கேட்டது. மழை பொய்த்தாலும் வரி பொய்ப்பதில்லை. அரசிறையின் பெரும்பகுதி அவ்வரியே. 1876இல் இபராக்கி, மியே முதலிய இடங்களில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்த பின்னரே, 1877இல் அது 2.5 வீதமாயிற்று.

வரிப்பணத்தைக் கொண்டு அரசே ஆலைகளை நிறுவி வழிகாட்டியது. அவற்றுட் பெயர்பெற்றது, போல் புருனா என்னும் பிரெஞ்சுக்காரரின் துணையுடன் 1872இல் தொடங்கிய தோமியோக்காப் பட்டாலை. ஆனால் வேலைக்குப் பெண்கள் வரவில்லை! வெளிநாட்டார் அருந்திய செந்நிறத் திராட்சைமதுவை இரத்தம் என்று ஊரார் நம்பிவிட்டனர். ஆலைத் தலைவர் ஒடாக்கா அட்சுத்தாடா தம் இளமகள் யூவையே முதலில் வேலைக்குச் சேர்த்து அந்த அச்சத்தைப் போக்க முயன்றார். அங்கே பயின்ற பெண்கள் ஊர் திரும்பிப் பிறருக்கும் தொழிலைக் கற்பித்தனர். ஆலை இலாபம் ஈட்டாது 1893இல் மிட்சுயி நிறுவனத்துக்கு விற்கப்பட்டதாயினும், அது பரப்பிய தொழிலறிவு வீண்போகவில்லை.

தனியார் ஆலைகள் பெருகியபின் நிலை வேறாயிற்று. தந்தையிடம் முன்பணத்தைக் கொடுத்து மகளை அழைத்துச் சென்றனர். விடுதியில் வாசம், நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கும் மேலான வேலை. இச்சிறுமியர் கொதிநீரிற் கைவிட்டு எடுத்த இழையே கடல் கடந்து சென்று, இயந்திரம் வாங்கும் அந்நியச் செலாவணியாய்த் திரும்பியது. 1909 அளவில் பட்டுநூல் ஏற்றுமதியில் யப்பான் சீனத்தையும் விஞ்சிவிட்டது.

1911இல் யப்பான் தன் தீர்வையுரிமையை முழுதும் மீட்டுக்கொண்டது. அதே ஆண்டில் தொழிற்சாலைச் சட்டமும் நிறைவேறியது. எனினும் ஆலை முதலாளிகளின் எதிர்ப்பால் அது நடைமுறைக்கு வந்தது 1916இலேதான். நூலாலைகளிற் பெண்கள் இரவு வேலை செய்வது 1929இலேயே நின்றது.