ஒரு பூத் இரும்பும் இரண்டு மணி நேர மல்யுத்தமும்

புனேயில் பன்னிரண்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். இங்கே நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் பாக்ஸிங், ஜூடோ என்று போகிறார்கள். என் பையனும்தான். முதல் ரவுண்டில் புலி, மூன்றாவது ரவுண்டில் பூனை! "கெட்டில்பெல் போடட்டும் சார், தம் பிடிக்கும்" என்றார் கோச். கடையில் போய்ப் பார்த்தால் கைப்பிடி வைத்த இரும்புக் குண்டுகள். 16, 24, 32 கிலோ. அதென்ன கணக்கு என்று நோண்டியதில் கிடைத்ததுதான் இந்தக் கதை.

ரஷ்யாவின் பழைய எடை அளவு 'பூத்'. ஒரு பூத் என்றால் 16.38 கிலோ. அதுதான் இந்த 16. ஒன்றரை பூத் 24, இரண்டு பூத் 32. நம்மூர் மளிகைக்கடை எடைக்கல் மாதிரி சந்தையில் கிடந்த சாமான்தான். சும்மா இருப்பார்களா? தூக்கிப் பந்தயம் கட்டினார்கள்.

1885-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் டாக்டர் கிராயெவ்ஸ்கி தன் வீட்டிலேயே ஒரு பயிற்சி மன்றம் தொடங்கினார். அவரிடம் 1898-ல் தங்கிப் பழகியவர்தான் எஸ்டோனியாவில் பிறந்த ஜார்ஜ் ஹேக்கன்ஷ்மிட். எடை தூக்குவதிலும் மல்யுத்தத்திலும் சூரர். 1905-ல் நியூயார்க்கில் டாம் ஜென்கின்ஸை வென்று உலகப் பட்டத்தைப் பிடித்தார்.

ஆனால் 1908 ஏப்ரலில் சிகாகோவில் ஃபிராங்க் காட்ச் அவரை இரண்டு மணி நேரம் விடாமல் இழுத்தடித்தார். கடைசியில் ஹேக்கன்ஷ்மிட் தானே போட்டியைக் கைவிட்டார். காட்ச் உடம்பில் எண்ணெய் தடவியிருந்தார் என்று பிறகு புகார் சொன்னார். அது உண்மையோ பொய்யோ, இரண்டு மணி நேரம் தாக்குப்பிடிக்க வெறும் புஜபலம் போதாது.

1910 செப்டம்பரில் லண்டனில் நம் காமா பயில்வான் மோதியதும் இப்படித்தான். எதிரில் போலந்துக்காரர் ஸ்பிஷ்கோ. இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் போயும் முடிவில்லை. பெரும்பாலான நேரம் ஸ்பிஷ்கோ பாயை விட்டு எழவே இல்லை. அடுத்த வாரம் மறுபடி மோத வேண்டிய நாளில் ஆளையே காணோம்! காமாவின் தம் எங்கிருந்து வந்தது? தினமும் நூற்றுக்கணக்கில் எடுத்த தண்டால், பஸ்கியிலிருந்து.

ரஷ்யர்களின் கெட்டில்பெல் போட்டியும் இதே வழிக்குத்தான் வந்து சேர்ந்தது. 10 நிமிடம், குண்டைக் கீழே வைக்கக்கூடாது. எத்தனை கிலோ என்பதோடு எத்தனை தடவை என்பதுதான் முக்கியம்.

அதனால் பையனுக்கு 8 கிலோதான் வாங்கினேன். இரண்டு கையாலும் பிடித்து, முதுகை வளைக்காமல், இடுப்பின் விசையால் வீச வேண்டும். கையால் தூக்கக்கூடாது. பதினைந்து வீச்சு, கொஞ்சம் ஓய்வு, மறுபடி. "என் ஃப்ரெண்ட் 16 போடுறான்பா" என்று முனகுகிறான். முனகட்டும். மூன்றாவது ரவுண்டில் நிற்கிறானா என்பதுதான் எனக்கு வேண்டும்.

நம்மூர் கர்லாக்கட்டையிலும் இதே சூட்சுமம்தான், நிறுத்தாமல் சுற்ற வேண்டும். அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது அதையும் அவன் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.