ஆங்கில வினாச்சொற்கள்

ஆங்கில வினாச்சொற்கள் என்பன ஆங்கில மொழியில் ஆள், பொருள், இடம், காலம், காரணம், முறை முதலியவற்றை அறியக் கேட்கும் வினாக்களில் இடம்பெறும் சொற்கள் ஆகும். இவற்றுட் பெரும்பாலானவை டபிள்யூ, எச் என்னும் எழுத்துகளுடன் தொடங்குவதால் "டபிள்யூ-எச் சொற்கள்" எனவும் அழைக்கப்படுகின்றன. "ஹவ்" அவ்வாறு தொடங்காவிடினும் இவ்வகையிலேயே அடங்கும். இவ்வினாக்களுக்கு ஆம், இல்லை என்பன விடையாகா.

தோற்றம்

பழைய ஆங்கிலத்தில் இச்சொற்கள் எச் முன்னும் டபிள்யூ பின்னுமாக எழுதப்பட்டன. 1066 ஆம் ஆண்டின் நோர்மானியப் படையெடுப்புக்குப் பிந்திய காலத்தில் இவ்வரிசை மாறியது. யார் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லான "குவிஸ்" என்பதும் இதே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்ததாகும். தமிழில் எங்கே, எப்போது, எப்படி முதலியன எகர வினாவெழுத்தில் தொடங்குவது இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

சொற்களும் பொருளும்

* ஹூ - யார்
* ஹூம் - யாரை (பேச்சு வழக்கில் பெரும்பாலும் "ஹூ" எனப்படும்)
* ஹூஸ் - யாருடைய
* வாட் - என்ன, எது
* விச் - எது, எந்த (குறிப்பிட்ட சிலவற்றுள் ஒன்று)
* வென் - எப்போது
* வேர் - எங்கே
* வை - ஏன்
* ஹவ் - எப்படி
* ஹவ் மெனி - எத்தனை (எண்ணக்கூடியவை)
* ஹவ் மச் - எவ்வளவு (எண்ண இயலாதவை)

சொல்வரிசை

தமிழில் வினாச்சொல் வாக்கியத்தில் தனக்குரிய இடத்திலேயே நிற்கலாம். ஆங்கிலத்தில் அது பொதுவாக முதலில் வரும். அதனை அடுத்துத் துணைவினையும் பின்னர் எழுவாயும் வரும். துணைவினை இல்லாதவிடத்து டூ, டஸ், டிட் என்பவற்றுள் ஒன்று சேர்க்கப்படும். அப்போது முதன்மை வினை விகுதியின்றி நிற்கும். எடுத்துக்காட்டாக, "வேர் டஸ் கண்ணன் லிவ்?" என்பதே சரி, இங்கு "லிவ்ஸ்" எனல் பிழை.

வினாச்சொல்லே எழுவாயாயின் இம்மாற்றம் நிகழாது.

* ஹூ கால்டு கண்ணன்? - கண்ணனை அழைத்தவர் யார்?
* ஹூ டிட் கண்ணன் கால்? - கண்ணன் யாரை அழைத்தான்?

தமிழில் "ஐ" என்னும் வேற்றுமை உருபு உணர்த்தும் வேறுபாட்டை இங்கு சொல்வரிசையும் "டிட்" என்பதும் உணர்த்துகின்றன. எனவே "டிட்" விடுபட்டால் அழைத்தவரும் அழைக்கப்பட்டவரும் இடம் மாறிவிடுவர்.

வினா மற்றொரு வாக்கியத்தின் உறுப்பாக வரும்போது எழுவாய் வினைக்கு முன்னரே நிற்கும்: "ஐ நோ வேர் கண்ணன் லிவ்ஸ்" (கண்ணன் எங்கே வசிக்கிறான் என்பது எனக்குத் தெரியும்).

எத்தனையாவது

"எத்தனையாவது" என்பதற்கு நேரான வழக்குச்சொல் ஆங்கிலத்தில் இல்லை. "அப்துல் கலாம் இந்தியாவின் எத்தனையாவது குடியரசுத் தலைவர்?" என்பதன் விடை "பதினோராவது" என்பதாகும். இதனை ஆங்கிலத்தில் கேட்க, அவருக்கு முன் எத்தனை பேர் அப்பதவியை வகித்தனர் என்பது போலச் சுற்றி வினவ வேண்டும்.